பிறவிக் கண்குறையும் நோய்ப் பதிவேடும்

நோயைக் கண்டறிந்து பெயர் சொல்வது வைத்தியர் கடமை. அப்பெயரைக் குறியீடாக மாற்றிப் பதிவேட்டிற் பொறிப்பது எழுதுவினைஞர் கடமை. முன்னதை உலகம் போற்றுகின்றது. பின்னதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்குறையோடு பிறக்கும் குழந்தைகளின் கதையிலோ இரண்டாவதற்கும் பெரும் பங்கு உண்டு.

1940ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவில் ஜேர்மன் சின்னமுத்துப் பரவியது. சில நாட் காய்ச்சல், மெல்லிய தடிப்பு, அவ்வளவே. அதனைப் பொருட்படுத்துவார் இலர். அடுத்த ஆண்டிலே சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் என்பாரிடம், கண்மணி வெளுத்த கைக்குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலர் கொண்டுவரப்பட்டனர். பிறவிக் கண்புரை! பிறந்த நாளிலிருந்து அவர் பின்னோக்கி எண்ணினார். தாய்மார் கருவுற்ற தொடக்க மாதங்கள் அந்நோய் பரவிய காலத்தோடு பொருந்தின. ஏனைய வைத்தியர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 68 பேரின் தாய்மார் கருவுற்றிருக்கையில் அந்நோய் கண்டவர்கள். 1941ஆம் ஆண்டு அக்டோபரில் இதனை அவர் வெளியிட்டபோது, எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டாரல்லர்.

பத்தாண்டுகளின் பின், 1951இல், லங்காஸ்டர் என்ற புள்ளிவிவர அறிஞர் அந்நாட்டின் பழைய குடிசன மதிப்பு ஏடுகளைப் புரட்டினார். செவிடராய்ப் பிறந்தோரின் தொகை 1899ஆம் ஆண்டையொட்டித் திடீரென உயர்ந்திருந்தது. அதுவும் ஜேர்மன் சின்னமுத்துப் பரவிய காலமே. கண்ணைப் போலவே செவியையும் கெடுப்பது அந்நோய். வினா எழுமுன்பே விடை ஏட்டில் எழுதப்பட்டுக் கிடந்தது! எழுதியவர் அதனை அறிந்திலர்.

பல நாட்டு ஏடுகளை ஒப்புநோக்குவதற்குப் பொது நிரல் ஒன்று வேண்டும். பிரெஞ்சு அறிஞர் பெர்ட்டியோன் 1893இல் வகுத்த மரணகாரண நிரலே அதன் மூலம். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகின்றது. அதன் பத்தாம் திருத்தத்தில் பிறவிக் கண்குறைகள் கியூ 10 முதல் கியூ 15 வரை அடங்கும். இமைக்கு ஓரெண், சிறுத்த கண்ணுக்கு ஓரெண், கண்வில்லைக்கு ஓரெண் என அவை பிரிவுபடும். பிறவிக் கண்புரை கியூ 12.0.

இங்கேதான் கவனம் வேண்டும். கியூ 12.0 என்பது குறையின் வடிவத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. தாயின் ஜேர்மன் சின்னமுத்தால் விளைந்ததாயின் அதற்குப் பி 35.0 என்று வேறு குறியீடு உண்டு. வைத்தியர் அவசரத்தில் 'பிறவிக் கண்குறை' என்று மட்டும் எழுதிவிட்டால், எழுதுவினைஞர் யாது செய்வார்? 'விவரம் குறிப்பிடப்படாதது' என்னும் கியூ 15.9இலே அக்குழந்தையைச் சேர்ப்பார். பாடசாலை இடாப்பிலே 'வரவில்லை' என்று குறித்த பிள்ளைக்குக் காய்ச்சலா, வெள்ளமா, வறுமையா என்று பின்னர் எவர் அறிவார்? அப்படியே இதுவும். பரம்பரையாய் வந்த புரையும் தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய புரையும் ஒரே குவியலிற் கலந்துவிடும். அடுத்த கொள்ளைநோயை அறிவிக்கும் குழந்தை அக்குவியலுக்குள்ளே மறைந்துபோகலாம்.

இலங்கை ஜேர்மன் சின்னமுத்தை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. தடுப்பூசி இட்டமையால் மட்டும் அச்சான்று கிட்டாது. நோய் இல்லை என்பதைத் தேடிப் பார்த்தும் காட்டவேண்டும். ஆதலின் வெண்புரையோடு ஒரு குழந்தை பிறந்தால், அதன் குருதியைச் சோதித்து, முடிவு எதுவாயினும் பெயர் பிறழாது பதிதல் இன்றும் வேண்டப்படுகின்றது.