பின்னால் நிற்கிறவர்களின் பாட்டு

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'டூ-வாப்'. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, இது குடிக்கிறதா, பூசிக்கிறதா?" பாடுகிறது ஐயா, பாடுகிறது. அதுவும் கையில் காசில்லாதவன் பாடுகிறது. அதனால்தான் திருவெறும்பூரில் இதைப் பேச எனக்குக் கூச்சமில்லை. எறும்பாக உருவெடுத்து வந்தவர்களுக்காக ஈசனே தலையைச் சாய்த்துக் கொடுத்தான் என்று தலபுராணம் சொல்கிற ஊர் இது. சிறியவர்கள் கூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் பிக்வா என்று ஒரு சிற்றூர். அங்கே மில்ஸ் சகோதரர்கள் என்று நான்கு கறுப்பினப் பையன்கள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கிட்டார். டிரம்பெட் வேண்டுமா? ஒருவன் இரண்டு கையையும் வாய்மேல் குவித்து ஊதுவான். டியூபா வேண்டுமா? இன்னொருவன் தொண்டைக்கு அடியிலிருந்து எடுப்பான். 1931இல் அவர்கள் பாட்டு இசைத்தட்டாக வந்தபோது கேட்டவர்கள் நம்பவில்லை. கடைசியில் கம்பெனிக்காரர்கள் தட்டின் மேலேயே அச்சடித்தார்கள்: 'இதில் கிட்டார் தவிர வேறு வாத்தியம் கிடையாது.' வாய்க்கு உத்தரவாதச் சீட்டு ஒட்டி விற்ற கதை இது!

பிறகு 1940கள். தெற்கே பருத்திக் காட்டில் பிழைக்க வழியில்லாமல் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே பெருநகரங்களுக்குப் போனார்கள். நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், சிகாகோ. அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தெருமுனையில் நிற்பார்கள். பியானோ வாங்கக் காசில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாலு பேர் நாலு குரலில் பாடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, சாமி பாட்டுக்குப் பதிலாகக் காதல் பாட்டை வைத்தார்கள். எங்கே எதிரொலி கிடைக்குமோ அங்கே போய் நின்றார்கள்: மாடிப்படிக்கு அடியில், சுரங்க ரயில் நிலையத்தில், பள்ளிக்கூடக் கழிப்பறையில். சிரிக்காதீர்கள். நம் பையன்கள் ரயில்பாலத்துக்கு அடியில் போனால் ஒரு தரம் கத்திப் பார்க்காமல் திரும்புகிறார்களா?

அந்தப் பாட்டு எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முன்னால் ஒருவன் வார்த்தையோடு பாடுகிறான்: நீ இல்லாமல் நான் இல்லை, நிலா சாட்சி, இந்த வகைதான். அவனுக்குப் பின்னால் மூன்று நான்கு பேர். அவர்களுக்கு வார்த்தை கிடையாது. 'டூ-வாப்', 'ஷ-பூம்' என்று வெறும் ஒலிதான். அந்த ஒலியிலிருந்துதான் இந்த இசைக்கே பெயர் வந்தது. அடியில் கனத்த குரல்காரன் ஒருவன். அவன்தான் மிருதங்கம், அவன்தான் தம்பூரா. நடுவில் இரண்டு பேர். மேலே கள்ளக்குரலில் ஒருவன் பட்டம் மாதிரி பறப்பான்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே சக்கரத்தில் சுற்றும். அடிக்குரல் ஷட்ஜத்தில் தொடங்கும், கீழே தைவதத்துக்கு இறங்கும், இன்னும் கீழே மத்யமம், பிறகு பஞ்சமம், மறுபடி ஷட்ஜம். ச, த, ம, ப. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். ஒவ்வொரு படியிலும் மற்ற குரல்கள் வேறு வேறு ஸ்வரத்தில் ஏறி நிற்கும். அடியில் ஒருவன் 'ச' பிடித்தால் நடுவில் ஒருவன் 'க', இன்னொருவன் 'ப'. மூன்றும் ஒரே நேரத்தில். நாலே படிதான். அந்த நாலு படியில் ஒரு தலைமுறையே ஏறி இறங்கியது.

'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்' என்று ஒரு பாட்டு. ஃபிரெட் பாரிஸ் என்ற இளைஞர் பட்டாளத்தில் ராக்காவல் நின்றபோது எழுதியது. 1956இல் நியூ ஹேவன் நகரத்தில் ஒரு மாதா கோயிலின் நிலவறையில் ஃபைவ் சாட்டின்ஸ் குழு அதைப் பதிவு செய்தது. ஸ்டூடியோ இல்லை, பெரிய கம்பெனி இல்லை. இத்தனை வருடம் கழித்தும் இன்னும் பாடுகிறார்கள்.

"எங்கேயோ அமெரிக்காக்காரன் பாடினான், நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் வயலுக்கு வாருங்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் நடவு நட்ட அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஒருத்தி கதை சொல்லிப் பாடுவாள். மற்றவர்கள்? 'தன்னானே தானனன்னே'. அதற்கு அகராதியில் பொருள் தேட முடியுமா? ஆனால் அது இல்லாவிட்டால் முன்னத்தி பாடுகிறவளுக்கு அடுத்த அடி நினைவுக்கு வராது, மூச்சு வாங்க இடம் கிடைக்காது, நாற்றுப் பிடித்த கை ஒன்றாக இறங்காது. பாரம் தூக்குகிறவன் போடுகிற 'ஏலேலோ, ஐலசா' எதற்கு? பத்துப் பேர் பலமும் ஒரே நொடியில் சேர வேண்டும் என்பதற்கு. 1960களில் இந்த மண்ணில் பாய்லர் ஆலை எழுந்தபோது, கிரேன் எட்டாத இடத்தில் எத்தனை இரும்பை அந்தச் சத்தம் நகர்த்தியிருக்கும்! பிறந்த குழந்தைக்கு 'ஆராரோ' என்கிறோமே, எந்தக் குழந்தையாவது அர்த்தம் கேட்டு அழுததா?

ஏழைகளின் வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே ஒலியைச் சாஸ்திரமாக வளர்த்தவர்களும் நம்மவர்கள். காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டினால் லால்குடி. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய வயலின் மேதை ஜெயராமன் இயற்றிய தில்லானாக்கள் இன்று உலகமெங்கும் பரதநாட்டிய மேடைகளில் ஒலிக்கின்றன. தில்லானாவில் சாகித்தியம் கடைசியில் சில வரிதான். மீதியெல்லாம் 'தீம்', 'தனதிரனா' என்ற ஜதிதான்.

இன்னும் ஒரு படி மேலே போனால் கொன்னக்கோல். மிருதங்கக்காரர் விரலில் வாசிப்பதை வாயால் சொல்கிற கலை. மன்னார்குடி பக்கிரியா பிள்ளைக்குக் கொன்னக்கோல் என்பதே பட்டப்பெயராக நின்றது. நம் திருச்சியின் பெயரைத் தாங்கிய ஆர். தாயுமானவன் அந்தக் கலையையே தம் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். 1970களில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம் கடம் வித்வான் விக்கு விநாயகராமோடு சேர்ந்து 'சக்தி' குழுவில் வாசித்தபோது, வெளிநாட்டு ரசிகர்கள் வாய்பிளந்து கேட்டது இந்த வாய்ஜதியையும்தான்.

பேசிக்கொண்டே போனால் எப்படி? செய்து பார்த்துவிடுவோம். எனக்கு இடப்பக்கம் இருப்பவர்கள் 'தகதிமி' என்று மூன்று தரம் சொல்லுங்கள். வலப்பக்கம் இருப்பவர்கள் 'தகிட' என்று நான்கு தரம் சொல்லுங்கள். ஒரே வேகம், ஒன்றாகத் தொடங்க வேண்டும். நடுவில் குழம்பினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காதீர்கள். எங்கே, ஆரம்பியுங்கள்!

பார்த்தீர்களா? நடுவில் சண்டை போடுவதுபோல் இருந்தது, கடைசியில் ஒரே இடத்தில் வந்து இறங்கினீர்கள். நாலு மூன்றும் பன்னிரண்டு, மூன்று நாலும் பன்னிரண்டு. இந்தக் கணக்குதான் நம் லயம். அவர்கள் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரத்தை அடுக்கினார்கள். நாம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கணக்கை ஓடவிட்டோம். வழி வேறு. ஆனால் இரண்டு ஊரிலும், பக்கத்தில் நிற்பவனைக் காது கொடுத்துக் கேட்காதவன் பாட முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பின்குரல்காரர்களை உலகம் எப்படி நடத்தியது?

1954இல் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள், 'கார்ட்ஸ்' என்ற குழு, 'ஷ-பூம்' பாடினார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. உடனே க்ரூ கட்ஸ் என்ற வெள்ளையர் குழு அதே பாட்டைப் பாடிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1956இல் நியூயார்க்கில் 'டீனேஜர்ஸ்' குழு. முன்னால் நின்று பாடிய ஃபிராங்கி லைமனுக்கு வயது 13. 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' உலகமெங்கும் பரவியது. பாட்டை உருவாக்கியது நாங்கள்தான் என்று பின்னால் நின்ற இரண்டு பேர், ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்ட்டும், நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1996இல் மேல்நீதிமன்றம் என்ன சொன்னது? நீங்கள் எழுதினீர்களா இல்லையா என்பது வேறு விஷயம், வழக்குப் போட வேண்டிய காலக்கெடு தாண்டிவிட்டது! முன்னால் நின்ற பையனாவது வாழ்ந்தானா? 25 வயதில், 1968இல், போதை மருந்தால் செத்துப்போனான். காசு மட்டும் யார் பெட்டிக்கோ போயிற்று.

அமெரிக்காவைத் திட்டிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட மாட்டேன். நம் கதை என்ன? 1939லிருந்து திருச்சி வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. வானொலிகளில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்போம்: "பாடியவர் இன்னார் மற்றும் குழுவினர்." அந்தக் குழுவினர் யார்? அவர்களுக்கு ஊர் உண்டா, பெயர் உண்டா? 1993இல் 'திருடா திருடா' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 'ராசாத்தி' பாட்டை வாத்தியமே இல்லாமல் குரல்களாலேயே கட்டினார். நம் தமிழில் டூ-வாப்புக்கு மிக நெருங்கி வந்த பாட்டு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். முன்னால் ஷாகுல் ஹமீதின் குரல், மண்வாசனையோடு. பின்னால் அந்தக் குரல்கள் அலை அலையாக எழுந்து நிற்கின்றன. அந்தக் குரல்களை எடுத்துவிட்டால் பாட்டுக்குக் காலே இருக்காது. அவர்களில் ஒருவர் பெயரை, ஒரே ஒருவர் பெயரை, இந்தக் கூட்டத்தில் யாராவது சொல்ல முடியுமா?

ஒத்து ஊதுகிறான், ஜால்ரா போடுகிறான் என்று திட்டுவதற்கு மட்டும் அவர்கள் நமக்குத் தேவைப்படுகிறார்கள்.

இதை மாற்ற ஒருவர் முயன்றார். எம்.பி. சீனிவாசன். 1960இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர்; மலையாளத் திரையுலகம் கொண்டாடிய இசையமைப்பாளர். சினிமாவில் வாசிக்கும் கலைஞர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று முன்னின்றவர். சங்கத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். அதே மனிதர் 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதியின் பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்து, அடுக்கி, சாதாரண இளைஞர்களைப் பாடவைத்தார். அங்கே தனியாக மாலை வாங்கிக்கொள்ள ஒருவர் கிடையாது. மொத்தக் குழுவும்தான் பாடகர். 1988இல் அவர் மறைந்தார். கூலி கேட்கச் சேர்ந்தவனும் பாடச் சேர்ந்தவனும் ஒரே மனிதன்தான் என்று அவர் வாழ்க்கை சொல்கிறது.

ஆகவே பெரியோர்களே, மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

பள்ளி ஆசிரியர்களே, ஆண்டு விழாவில் நன்றாகப் பாடுகிற ஒரு குழந்தையை மட்டும் மைக் முன்னால் நிறுத்தாதீர்கள். குரல் சுமாராக இருக்கும் முப்பது பேரை நிறுத்துங்கள். ஆளுக்கு ஓர் ஒலி கொடுங்கள். தன் குரல் தனியே கேட்காவிட்டாலும் தான் இல்லாமல் பாட்டு இல்லை என்று ஒரு பிள்ளை பத்து வயதில் தெரிந்துகொள்ளட்டும். வாத்தியம் வாங்க நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; வாய்க்கு நிதி ஒதுக்க வேண்டாம்.

கோயில் விழாக் குழுவினரே, சபா நடத்துகிறவர்களே, கச்சேரி வைக்கும்போது தனி ஆவர்த்தனத்தில் ஒரு கொன்னக்கோல் கலைஞருக்கு இடம் கொடுங்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கச்சேரி மேடையில் சகஜமாக உட்கார்ந்திருந்தவர் அவர். நாம் கூப்பிடாமல் விட்டதால் எழுந்து போனவர்.

வானொலித் தம்பிகளே, யூடியூபில் பாட்டுப் போடுகிற பிள்ளைகளே, குழுவினர் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். பெயர்களைத் தேடுங்கள். கிடைத்த பெயரை எழுதுங்கள்.

இதைப் பிறருக்குச் சொல்லிவிட்டு நான் செய்யாமல் போகக் கூடாது. இந்தக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர்கள், ஒலிபெருக்கி கட்டியவர், நாற்காலி சுமந்தவர்கள், தேநீர் கொண்டுவந்த அம்மா, இவர்கள் எல்லோரும் மேடைக்கு வர வேண்டும். நன்றியுரை சொல்ல வருகிற நண்பரிடம் அவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயராக வாசிப்பார். எனக்குத் தட்ட வைத்திருக்கும் கையை அவர்களுக்குத் தட்டுங்கள்.