காசு வாங்காமல் கணினிக்கு வைத்தியம்



தோட்டத்து மருத்துவமனையில் பணியாற்றிய டிரெசர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயிறு வலிக்கிறது என்று போய் நின்றால், நல்ல டிரெசர் உடனே மருந்துப் புட்டியை எடுக்க மாட்டார். எப்போதிலிருந்து வலிக்கிறது, நேற்றிரவு என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார். பிறகுதான் அவர் கை மருந்துக்குப் போகும். இன்று நான் சொல்லப்போவதும் ஒரு வகை டிரெசர்களைப் பற்றித்தான். இவர்கள் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. இவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. இவர்கள் வைத்தியம் பார்ப்பது ஃபயர்பாக்ஸ் என்னும் மென்பொருளுக்கு.

பிள்ளைகள் பாடம் தேடும்போதும், நாம் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும், இணையப் பக்கத்தைத் திறந்து நம் கண்முன் காட்டுவது ஒரு மென்பொருள். அதற்கு உலாவி என்று பெயர். குரோம், சஃபாரி, எட்ஜ் ஆகியவை உலாவிகள். ஃபயர்பாக்சும் அப்படி ஒன்றுதான், ஆனால் திறந்த மூல உலாவி. கடையில் வாங்கும் மசாலாத் தூள் பொட்டலத்தில் தூள் இருக்கும், அரைத்த பக்குவம் இருக்காது. பக்குவத்தையே எழுதி ஊரார் கையில் கொடுத்து, நீங்களும் அரைத்துக்கொள்ளுங்கள், உப்போ காரமோ கூடியிருந்தால் திருத்தியும் கொடுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? திறந்த மூலம் என்பது அதுதான்.

இதன் தொடக்கம் அமெரிக்காவில். நெட்ஸ்கேப் என்னும் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை 1998 மார்ச் 31-ஆம் நாள் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்தப் பணிக்கு மோசில்லா என்று பெயர். அதிலிருந்து 2002-இல் சிறிய, வேகமான உலாவி ஒன்று பிறந்தது. முதலில் அதற்குப் பீனிக்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் வேறொருவருடையது என்று ஆட்சேபம் வந்ததால், 2003-இல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அதற்கும் ஆட்சேபம் வந்தது. 2004 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் ஆகி, அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் முதல் முழுப் பதிப்பு வெளியாயிற்று. ஓராண்டு முடிவதற்குள், 2005 அக்டோபரில், பதிவிறக்கங்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டன.

இங்கேதான் ஒரு சிக்கல். பொருளை விலைக்கு விற்கும் நிறுவனம், வாங்கியவரின் கேள்விக்கு விடை சொல்லச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். இதுவோ இலவசம். மோசில்லா 2003-இல் இலாப நோக்கமற்ற அறநிறுவனமாகிவிட்டது. கோடிக்கணக்கானவர் கேட்டால் விடை சொல்ல ஆள் எங்கே? பயன்படுத்தியவர்களே விடை சொல்ல உட்கார்ந்தார்கள். மாணவர்கள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் வந்தார்கள். தமக்குத் தெரிந்ததை எழுதி, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள். உலாவியின் பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றிலும் பெயரை மாற்ற வேண்டியிருந்ததே, அந்த வேலைக்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை! 2007-ஆம் ஆண்டு வாக்கில் மோசில்லாவே ஓர் உதவித் தளத்தை அமைத்தது. ஒரு சில ஊழியர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். எழுதுவதிலும் விடை சொல்வதிலும் பெரும் பங்கு தொண்டர்களுடையது.

அவர்கள் செய்யும் வேலையை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். "நான் சேர்த்து வைத்த பக்கக் குறிப்புகள் எல்லாம் காணாமல் போய்விட்டன" என்று ஒருவர் எழுதுகிறார். எந்தப் பதிப்பு, எந்தக் கணினி என்று ஒன்றும் சொல்லவில்லை. பதற்றத்தில் இருப்பவர் அப்படித்தான் எழுதுவார். பதற்றத்தில் அவர் செய்யக்கூடிய முதல் காரியமும் நமக்குத் தெரியும்: உலாவியை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுவார். அது பெரும்பாலும் பயன் தராது. ஏன் என்று கேளுங்கள். ஃபயர்பாக்ஸ், நமது குறிப்புகளையும் கடவுச்சொற்களையும் தனியாக ஒரு கோப்புறையில் வைக்கிறது. லயத்து வீட்டின் கூரையை மாற்றினால், வீட்டுக்குள் இருக்கும் தகரப் பெட்டியும் அதிலுள்ள துணிமணியும் மாறிவிடுமா? பெட்டிக்குள் கறையான் இருந்தால் புதுக் கூரை போட்ட பிறகும் இருக்கும். அதே காரணத்தால், தொலைந்ததாக நினைத்த பொருள் பல வேளைகளில் தொலைந்திருக்காது. உலாவி புதிதாக ஒரு காலிப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும். பழைய பெட்டி மூலையில் பத்திரமாக இருக்கும்.

ஆகவே அனுபவமுள்ள தொண்டர் முதலில் கேள்வி கேட்பார். எந்தப் பதிப்பு? கடைசியாக எதை மாற்றினீர்கள்? துணைநிரல்கள் ஏதும் சேர்த்திருக்கிறீர்களா? துணைநிரல் என்பது உலாவியில் நாமாக மாட்டிக்கொள்ளும் சிறு கருவி. விளம்பரத்தைத் தடுப்பது ஒன்று, கடவுச்சொல்லைக் காப்பது ஒன்று, இப்படிப் பல. அவற்றையெல்லாம் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உலாவியைத் திறந்து பார்க்கும் வழி ஒன்று உண்டு. அப்போது கோளாறு மறைந்தால் குற்றவாளி ஏதோ ஒரு துணைநிரல்தான்.

விடை சொல்வதைவிட, எதைச் செய்யாதே என்று சொல்வது சில வேளை பெரிய உதவி. 2019 மே 4-ஆம் நாள் சனிக்கிழமை. நம் மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்குப் பிறகு, உலகமெங்கும் ஃபயர்பாக்சில் துணைநிரல்கள் ஒவ்வொருவருக்காக நின்றுபோகத் தொடங்கின. கிருமியும் இல்லை, களவும் இல்லை. துணைநிரல்கள் நம்பத்தக்கவை என்று உறுதி கூறும் மின் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்துவிட்டது. வாகனத்தின் சாலை வரியைப் புதுப்பிக்காமல் விட்டதுபோல, அந்தச் சான்றிதழ் உரிய நேரத்தில் புதுப்பிக்கப்படவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன.

அன்று உதவி கேட்டு வந்தவர்கள் ஏராளம். கோபத்தோடு வந்தவர்களும் உண்டு. தவறு செய்யாத தொண்டர்கள்தாம் அந்த ஏச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மோசில்லா விடுத்த அறிவிப்பு இதுதான்: துணைநிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள்; நீக்கினால் அதில் சேமித்தவையும் சேர்ந்து போய்விடும்; காத்திருங்கள். ஒரு நாளுக்குள் பெரும்பாலோருக்குத் திருத்தம் தானாகவே வந்து சேர்ந்தது. காத்திருந்தவர்களின் பொருள் அப்படியே இருந்தது. அவசரப்பட்டு நீக்கியவர்களில் சிலருக்குத் திருத்தம் வந்த பிறகும் போனது போனதுதான். அதனால்தான் ஒருவர் எவ்வளவு ஏசினாலும் இன்னொரு முறை பொறுமையாக, "நீக்காதீர்கள் ஐயா" என்று எழுத அங்கே ஆள் தேவைப்பட்டது.

சம்பளம் வாங்காதவன் சொல்லை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த உதவித் தளத்தில் ஒருவர் கட்டுரை எழுதினாலோ, பழைய கட்டுரையைத் திருத்தினாலோ, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அது வெளியாகும். படித்தவர், இது பயன்பட்டதா இல்லையா என்று ஒரு சொடுக்கில் சொல்லலாம். கேள்வியும் விடையும் எல்லார் பார்வையிலும் இருப்பதால் தவறான யோசனையை மற்றொருவர் வந்து மறுப்பார். பிரட்டுக்களத்தில் பத்துப் பேர் கேட்கச் சொல்லும் பேச்சுக்கும், ஒருவரைத் தனியே அழைத்துக் காதில் சொல்லும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

ஃபயர்பாக்சைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். அந்த மொழிபெயர்ப்பும் தொண்டர்கள் செய்ததே. உதவித் தளத்திலும் தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் கட்டுரைகளில் பல இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆங்கிலமும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! ஒரு கணக்கைத் திறந்து, ஒரு கட்டுரையை எடுத்து, அம்மாவுக்குப் புரிகிற தமிழில் எழுதினால் போதும். பட்டம் கேட்க மாட்டார்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தம் மொழியில் விடை கிடைக்காதவர், தேடுபொறியில் உதவித் தொலைபேசி எண்ணைத் தேடுகிறார். அங்கே மோசடிக்காரன் காத்திருக்கிறான். சில வேளை அவனே திரையை மறைத்து, உங்கள் கணினியில் கிருமி புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று மிரட்டுகிறான். அழைத்தால் இனிமையாகப் பேசி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி வாங்கி, வங்கிக் கணக்கு வரை போய்விடுவான். மோசில்லாவின் உதவித் தளமே எச்சரிக்கிறது: எந்தத் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கவோ செய்தி அனுப்பவோ உங்களைக் கேட்க மாட்டோம், சொந்த விவரங்களையும் கேட்க மாட்டோம். ஃபயர்பாக்சுக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தொலைபேசி எண் கொடுத்தால், அவன் அந்தத் தொண்டர்களில் ஒருவன் அல்லன்.

மிரட்டும் பக்கம் திரையில் வந்தால் அதை மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கத்தை மீட்கவா என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே பேசிப் பணத்தை அனுப்பிவிட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், பிள்ளைகளும் பெரியவர்களை ஏச வேண்டாம். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். முதலில் உங்கள் வங்கிக்கும், 2022-இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி மறுமொழி மையத்துக்கும் அழையுங்கள். மையத்தின் எண் 997.