கால் விறைத்தால் காலை மட்டும் பார்த்தால் போதாது

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கால் விறைக்கிறது என்று சொன்னால் லயத்தில் நமக்குக் கிடைக்கும் பதில் என்ன? "குளிர்", "வாதம்", "வயசாச்சு". மலையில் என்றால், "வேலைக்குக் கள்ளம்". டிஸ்பென்சரியில் இரண்டு பெனடோல். யாரும் முதுகைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

மூளையிலிருந்து கைகாலுக்குப் போகும் நரம்புகள் முள்ளந்தண்டுக்குள் முண்ணாண் என்ற ஒரே கயிறாக இறங்குகின்றன. சுண்டுவிரல் தடிப்புத்தான் இருக்கும். அது எந்த இடத்தில் பழுதானாலும் அதற்குக் கீழே விறைக்கும், பலம் குறையும். ஆகவே கால் தடுமாறும்போது கோளாறு கழுத்திலும் இருக்கலாம். வயது ஏற ஏறக் கழுத்து எலும்பும் அதன் நடுவிலுள்ள தட்டும் தேய்ந்து முண்ணாணை நெரிக்கும். கொழுந்து பறிக்கும் விரல் தடுமாறும், சட்டைப் பொத்தான் போட வராது, படியில் கால் இடறும். இப்படி இருப்பவருக்குக் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிடாதீர்கள். கைராசிக்காரர் என்றாலும் வேண்டாம்.

காசநோய் நெஞ்சுக்கு மட்டும் வருவதில்லை, முள்ளந்தண்டிலும் வரும். இருமலே இருக்காது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் முதுகுவலி, பின்னேரக் காய்ச்சல், உடல் மெலிவு, அதன் பிறகு கால் பலவீனம். அரசாங்கம் இதற்கான மருந்தை இலவசமாகத் தருகிறது. மாதக்கணக்கில் விடாமல் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் காரணம் இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பாலில் உள்ள விற்றமின் பி12 குறைந்தால் முண்ணாண் கெடும். ரொட்டியும் சம்பலுமாக நாளை ஓட்டும் வீடுகளில் இதை யோசிக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்கில் மெட்போமின் குடிப்பவர்களுக்கும் இது குறையலாம். ஊசி போட்டால் தேறும், பிந்தினால் முழுதாகத் தேறாது. சீனி வருத்தத்தாலேயே பாதம் விறைப்பதும் உண்டு. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு நடந்ததை இன்றைய இளையவர்கள் அறியமாட்டார்கள். 1977, 78 காலத்தில் பல தேயிலைத் தோட்டங்களில் 20க்கு மேற்பட்ட இளம் பெண் பிள்ளைகளுக்குத் திடீரெனக் கைகால் விளங்காமல் போனது. எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள், புதிதாகப் பெரிய பிள்ளையானவர்கள். டொக்டர்கள் நிமல் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் தேடியபோது, பெரிய பிள்ளையானதும் பாசத்தோடு கொடுத்த நல்லெண்ணெயில் ரைகிறசைல் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது தெரிந்தது. கனிய எண்ணெய் இருந்த பாத்திரத்தில் நல்லெண்ணெயை ஊற்றியதால் அது கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. இந்த நஞ்சு கைகால் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும். மந்திரித்துக் கொண்டிருந்தால் இந்தக் காரணம் வெளியே வந்திருக்குமா? மருந்தடிக்கும் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு காலும் மணிக்கணக்கில் அல்லது சில நாளில் பலம் இழந்தால், சிறுநீர் கட்டினால் அல்லது அறியாமல் போனால், உட்காரும் இடம் மரத்தால், அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. 1990க்கு அழையுங்கள். சிறுநீர் விடயத்தைச் சொல்ல நம் பெண்கள் வெட்கப்படுவார்கள். தலைவிமாரே, அதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

மலையில் சறுக்கியோ மரத்திலிருந்தோ விழுந்தவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கம்பளியில் சுருட்டாதீர்கள். அசைக்காமல் வைத்து உதவிக்கு ஆள் அனுப்புங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும். வேலையில் நடந்த விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். டிஸ்பென்சரியில் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தர மறுத்தால், மறுத்த திகதியையும் நேரத்தையும் குறித்து எமக்குத் தாருங்கள்.