மொகலாய ராஜ்யம் விழுந்த விதம்

மொகலாய ராஜ்யம் ஏன் அழிந்தது என்று கேட்டால், விதி முடிந்தது என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். நாம் கணக்குப் பார்ப்போம். 1526-ல் பாபர் பானிப்பட்டில் ஜெயித்தது பீரங்கி பலத்தால். கிரக பலத்தால் அல்ல. கிரகத்துக்கேற்ற நிறத்தில் நாளுக்கொரு அங்கி போட்டவர் அவர் மகன் ஹுமாயூன். அவர்தான் 1540-ல் ஷெர்ஷாவிடம் நாட்டைத் தோற்று ஓடினார்!

அக்பர் 1564-ல் ஜிஸியா வரியை எடுத்தார், ராஜ்யம் வேரூன்றிற்று. அவுரங்கசீப் 1679-ல் அதைத் திரும்பப் போட்டார். அது மாத்திரமா? 1681-ல் தக்காணத்துக்கு வந்தவர், 1707-ல் சாகும்வரை டில்லிக்குத் திரும்பவேயில்லை. நம் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மட்டும் அவர் சேனை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. அத்தனை வருஷமும் அதற்குச் சோறு போட்டவன் யார்? உழுதவன்தானே! கடைசியில் சிப்பாய்க்குச் சம்பளப் பாக்கி. சர்தார்களுக்குக் கொடுக்க ஜாகீர் இல்லை. தகப்பனார் கண்ணை மூடியதும் பிள்ளைகள் பட்டத்துக்கு வெட்டிக்கொண்டார்கள்.

1739-ல் நாதிர்ஷா மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு வரி கொடுத்த குடியானவன் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. வெள்ளையரிடம் உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கடைசி அரசர் பகதூர்ஷா, 1858-ல் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு, 1862-ல் அங்கேயே இறந்தார்.