கணுக்கால் அளவு தண்ணி: பெரும்பாக்கத்தில் ஒரு வலசை நாள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல ஒரே ஒரு நாளைப் பத்திப் பேசப்போறேன். அக்டோபர் கடைசி வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் பெரும்பாக்கம் சதுப்புநிலம். சோழிங்கநல்லூர்ல இருந்து மேடவாக்கம் போற ரோட்டுல, ஆபீஸ் பஸ் ஜன்னல் வழியா ஒரு பெரிய தண்ணிப் பரப்பு தெரியும் பாருங்க, அதுதான்.

உலகம் முழுக்க இதை இலையுதிர் கால வலசைன்னு சொல்வாங்க. நமக்கு ஏதுங்க இலையுதிர் காலம்? சைபீரியாவுல குளிர் ஆரம்பிக்கிற நேரத்துல இங்க ஐப்பசி மழை ஆரம்பிக்குது. அங்க குளம் உறையத் தொடங்கும்போது இங்க ஏரி நிரம்பத் தொடங்குது. ஆர்க்டிக்ல இருந்து இந்தியப் பெருங்கடல் வரைக்கும், சுமார் 30 நாடுகளைத் தாண்டி வர்ற அந்தப் பாதைக்கு மத்திய ஆசிய வான்வழின்னு பேர். பக்கத்துல இருக்கிற பள்ளிக்கரணைக்கு 2022-ல ராம்சர் அங்கீகாரம் கிடைச்சுது. உலக அளவுல முக்கியமான சதுப்புநிலம்னு அர்த்தம். அதே பள்ளிக்கரணையிலதான் பெருங்குடி குப்பைமேடும் இருக்கு.

காலை 5.45

போனது மூணு பேர். நான், என் தங்கச்சி, அவளோட ஆபீஸ் தோழி. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். எட்டு மடங்கு பெரிசா காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். ஆரம்பிக்கிறவங்களுக்கு அது தாராளமா போதும்.

வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி சத்தம் வந்துடுச்சு. கோரைப் புல்லுக்குள்ள நீலத் தாழைக்கோழிங்க காலையிலேயே சண்டை. விடிஞ்சதும் பார்த்தா மின்கம்பி முழுக்க தகைவிலான் குருவிங்க வரிசையா உட்கார்ந்திருக்கு. வடக்கே எங்கேயோ ஒரு ஊர்ல, ஒரு வீட்டுத் தாழ்வாரத்துல பொறந்ததுங்க. இப்போ இங்க டிராஃபிக்குக்கு மேல உட்கார்ந்து இறகு கோதுதுங்க.

ஒரு சின்ன டிப்ஸ். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நில்லுங்க. எதிர் வெளிச்சத்துல எல்லாப் பறவையும் கறுப்பாதான் தெரியும்.

காலை 7.00

ஏரிக்குப் போனா எல்லாரும் நடுத் தண்ணியைத்தான் பார்ப்பாங்க. கூழைக்கடா மிதக்கும், நாமக்கோழி நீந்தும், போட்டோவும் நல்லா வரும். வலசை பார்க்கணும்னா ஓரத்தைப் பாருங்க. சேறும் தண்ணியும் சேர்ற இடம்.

அங்க ஒவ்வொண்ணும் தன் கால் நீளத்துக்குத் தகுந்த மாதிரி இடம் பிடிச்சிருக்கும். ஈரச் சேத்துல, தண்ணி பட்டும் படாமலும் ஓடிக்கிட்டே கொத்துறது கொசு உள்ளான். ஆங்கிலத்துல லிட்டில் ஸ்டின்ட். எடை முப்பது கிராமுக்குள்ள, ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டைவிடக் கம்மி. ரெண்டு விரல் தண்ணியில நின்னு வாலை ஆட்டிக்கிட்டே இருக்கிறது பொரி உள்ளான். கணுக்கால் அளவு தண்ணியில, நீளமான அலகை முகம் முங்குற வரைக்கும் சேத்துக்குள்ள விடுறது கருவால் மூக்கன். கொஞ்சம் தள்ளி, சிவப்புக் குச்சி மாதிரி காலோட நெடுங்கால் உள்ளான். அதுக்கும் அப்பால நீலச்சிறகி வாத்து. தலையைக் கீழ விட்டு, வாலை மேல தூக்கி மேயும். அதுக்கும் ஒரு அடி ஆழம் போதும், அதுக்கு மேல போனா கழுத்து எட்டாது.

ஆக, ஒரு கொசு உள்ளானுக்கும் ஒரு வாத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரே ஒரு அடி தண்ணி. வடக்கே இருந்து வர்ற விருந்தாளிகள்ல பெரும்பாலானவை அந்த ஒரு அடிக்குள்ளதான் சாப்பிட்டாகணும்.

"ஆண் வாத்துக்குக் கண் மேல வெள்ளைப் பட்டை இருக்கும்னு ஆப்ல போட்டிருக்கே, ஒண்ணைக்கூட காணோமே"ன்னு தங்கச்சி கேட்டா. நல்ல கேள்வி. இனப்பெருக்கம் முடிஞ்சதும் ஆண் வாத்து அந்த அலங்காரத்தை உதிர்த்துடும். சிறகு இறகுங்களும் மொத்தமா விழுந்து சில வாரம் பறக்கவே முடியாது. புது இறகு முளைச்சதும் கிளம்பி வரும், ஆனா பெண் வாத்து மாதிரியே மங்கலா இருக்கும். வெள்ளைப் பட்டையைப் பார்க்கணும்னா தை, மாசியில வாங்க.

காலை 8.30

கொசு உள்ளான் கூட்டத்துல சிலதுக்கு முதுகுல வெள்ளையா, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு கோடு இன்னும் மிச்சம் இருந்துச்சு. அதெல்லாம் இந்த வருஷம் பொறந்த குஞ்சுங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த இனத்துல அப்பா அம்மா முன்னாடியே கிளம்பிடும். குஞ்சுங்க சில வாரம் கழிச்சு, வழி காட்ட ஆள் இல்லாம கிளம்பும். எந்தத் திசை, எவ்வளவு தூரங்கிறது பிறவியிலேயே உள்ள எழுதியிருக்கு. 2022 அக்டோபர்ல, மூக்கன் இனத்துலயே இன்னொரு வகையான பட்டைவால் மூக்கன், வெறும் ஐந்து மாசக் குஞ்சு, அலாஸ்காவுல இருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கேயும் இறங்காம பறந்துச்சு. உடம்புல மாட்டியிருந்த சாட்டிலைட் கருவி அதைப் பதிவு பண்ணியிருக்கு.

ஆனா திசை தெரிஞ்சு என்ன பண்றது? வந்து இறங்குற இடத்துல சேறு இருக்கணுமே. உடம்புல சேர்த்துவச்ச கொழுப்பை எல்லாம் எரிச்சுட்டு வந்திருக்கு. உடனே சாப்பிடணும்.

அந்த நேரம் பார்த்து சேற்றுப் பூனைப்பருந்து ஒண்ணு புல்லுக்கு மேல தாழ்வா வந்துச்சு. மொத்த ஓரமும் ஒரே வீச்சுல எழும்பி, ரெண்டு சுத்து சுத்தி, மறுபடி இறங்குச்சு. பார்க்க அழகு, பறவைக்குச் செலவு. பருந்து பண்ணினா அது இயற்கை. டிரோன் விட்டு, கல்லெறிஞ்சு, ரீல்ஸுக்காக நாம எழுப்பினா அது நாம திருடுற சாப்பாடு.

காலை 10.00

எருமை மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் எங்ககிட்ட நின்னு, "என்னா பாக்குறீங்க?"ன்னு கேட்டாரு. பைனாகுலரைக் குடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு மழை வுட்டா இந்த சின்னதுங்க இருக்காதும்மா. தண்ணி ஏறிடும், கடலாண்ட போயிடும். மாசியில தண்ணி எறங்கினா மறுபடி வரும்"னு சொன்னாரு. புத்தகத்துல ஒரு அத்தியாயமா போடுற விஷயத்தை அவர் ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. தண்ணி ஏறி இறங்கணும். ஏறினா வாத்துக்கு, இறங்கினா உள்ளானுக்கு.

இதனாலதான் என் வீட்டுப் பக்கத்து ஏரியைப் பத்தி எனக்கு வருத்தம். பேர் வேண்டாம். சில வருஷம் முன்னாடி அதைச் சீரமைச்சாங்க. ஆழமா தோண்டி, கரையைச் செங்குத்தா நிறுத்தி, சுத்தி நடைபாதை போட்டு, லைட் வச்சாங்க. ஏரி நிரம்புனப்போ எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். தண்ணி வேணும், நிலத்தடி நீர் ஏறணும், வெள்ளம் தேங்க இடம் வேணும். அதுல சந்தேகமே இல்லை. ஆனா இப்போ அங்க நீர்க்காகம் இருக்கு, கூழைக்கடா வருது, உள்ளான் ஒண்ணுகூட இல்லை. கரையில இருந்து ஒரு அடி வச்சா நேரா ஆள் மட்டத் தண்ணி. நிரம்பின ஏரிதான், ஆனா அதுக்கு ஓரம் இல்லை.

இதுக்குத் தீர்வு பெரிய செலவு இல்லைங்க. நாலு பக்கத்துல ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவா, சேறும் கோரையுமா விட்டாப் போதும். உங்க ஏரியாவுல ஏரி சீரமைப்புக் கூட்டம் நடந்தா, நடைபாதை எவ்வளவு அகலம்னு கேட்கிறதோட, "சரிவான கரை எந்தப் பக்கம்?"னும் கேளுங்க.

நீங்க செய்யக்கூடியது

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே பக்கத்து ஏரிக்குப் போங்க. ஒரு மணி நேரம் ஒரே இடத்துல நில்லுங்க. பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணால அளந்து, அந்த அளவை வச்சுக் கூட்டத்தை எண்ணுங்க. அதை ஈபேர்டுல பதிவு பண்ணுங்க. பேர் தெரியலைன்னா 'உள்ளான் வகை'ன்னு போட்டாலும் அது தகவல்தான். ஒண்ணுமே வரலைன்னா அதையும் எழுதுங்க. நாளைக்கு ஒரு ஏரிக்காக யாராவது வாதாடணும்னா, போன வருஷம் இங்க என்ன இருந்துச்சுங்கிற கணக்கு வேணும்.

உங்க ஏரியில எந்தப் பக்கம் கணுக்கால் தண்ணி இருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையே படிக்கிறேன்.