செவிலியருக்கு வீடு தராத ஊர்

(கங்கைகொண்டானில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கிராமத்துக்கு டாக்டர் வரமாட்டேங்கிறார்" என்று எல்லோரும் சொல்கிறோம், ஏதோ டாக்டர்களுக்கு மனசு சரியில்லை என்பதுபோல. நான் மனசைப் பற்றிப் பேசப் போவதில்லை. யார் டாக்டராகிறார், கிராமத்தில் வேலை பார்த்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நம்ம பாட்டிகளுக்குப் பிரசவம் பார்த்தது யார்? மருத்துவச்சி. முடிதிருத்தும் சமூகத்துப் பெண். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே பெயர். அரசின் சாதிப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவளைத் திண்ணையில் உட்காரவிடவில்லை இந்த ஊர். அதே பெயர் கல்லூரிப் பட்டமானபோது, பெயரை வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தினார்கள். இட ஒதுக்கீடுதான் அந்தக் கதவைத் திறந்தது.

தமிழ்நாடு இன்னொரு வேலையும் செய்தது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியாற்றும் டாக்டர்களுக்கு, முதுநிலைப் படிப்பில் மாநிலத்தின் இடங்களில் பாதியை ஒதுக்கியது. கிராமத்தில் சில ஆண்டு இருந்தால் மேற்படிப்பு உண்டு. படித்து முடித்தால் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி சிசேரியன் நடக்கிறதென்றால், அங்கே மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து கொடுப்பவரும் இருப்பதற்கு இந்த ஏணி ஒரு முக்கியக் காரணம்.

2017-ல் அந்த ஏணியைப் பிடுங்கினார்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி ஒதுக்கீடு கூடாது, சிரமமான பகுதிகளில் பணி செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம், அதிகபட்சம் முப்பது சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும்தான் என்றானது. அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்த வழக்கை நடத்தியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். 'தகுதி' பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆள் இருப்பதும் தகுதிதான்.

சரி, டாக்டருக்கு ஏணி இருக்கிறது. செவிலியருக்கு?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைத்தது மூன்று ஷிப்டு செவிலியர்கள். அவர்களில் ஏராளமானோர் ஒப்பந்தப் பணியில். 2015-ல் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியது. நல்ல திட்டம், நம் தெருவுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. ஆனால் கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் 'தன்னார்வலர்'. வேலை உண்டு, பணியிடம் இல்லை. டாய்லெட் கழுவுகிறவர் யார், எந்தத் தெரு, எவ்வளவு சம்பளம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கிராம சுகாதாரச் செவிலியரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், நம் மாவட்டம்தான். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கேயே தங்க வேண்டும் என்பது கணக்கு. குடியிருப்பு இடிந்து கிடந்தது. வாடகைக்கு வீடு தேடினார். முதல் வீட்டில் "எந்த ஊரும்மா?" இரண்டாவது வீட்டில் "உங்க அப்பா என்ன வேலை?" மூன்றாவது வீட்டில் நேராகவே கேட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பேத்திக்குத் தடுப்பூசி போட்டது இவர்தான். ஊசிக்குச் சாதி கேட்கவில்லை, சாவிக்குக் கேட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். "நர்ஸம்மா தங்கறதே இல்ல" என்று மனு எழுதியதும் அதே தெருதான். பிறகு மாறுதல் வாங்கிப் போய்விட்டார். அரசுக் கோப்பில் அது 'காலிப் பணியிடம்'. ஏன் காலி என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

ஆகவே ஆள் பற்றாக்குறைக்குக் கல்லூரி கட்டினால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. நாலு வழிச்சாலையும் சிப்காட்டும் வந்துவிட்டன. ராத்திரி பாம்பு கடித்தால் இன்னும் ஹைகிரவுண்டுக்குத்தான் ஓடுகிறோம்.

அடுத்த கிராமசபைக்கு மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். செவிலியர் குடியிருப்பு எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது? இரவுப் பணியில் யார், நிரந்தரமா ஒப்பந்தமா? தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தருவது அரசா, காண்ட்ராக்டரா? பதிலைப் பதிவேட்டில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருப்பு கட்டும்வரை வாடகைக்கு வீடு தர யார் தயார் என்று அங்கேயே கேளுங்கள். நம் வீடுகளிலிருந்து முதல் கை உயரட்டும். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.