பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

பித்தப்பை ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்து, "பஸ்ஸில் போனால் உங்களுக்கு வாந்தி வருமா?" என்று கேட்பார். பித்தப்பைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் உண்டு.

முழு மயக்கம் கொடுக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு, கண் விழித்ததும் குமட்டலோ வாந்தியோ வருகிறது. தையல் போட்ட வயிற்றோடு ஓங்கரிப்பது எத்தனை வேதனை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். "வெறும் வயிறாத்தானே இருந்தேன், அப்புறம் ஏன்?" என்று கேட்பார்கள். பட்டினி போடுவதன் காரணமே வேறு: மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. வாந்திக்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. அதைத் தூண்டிவிடுவதில் மயக்க மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1846-இல் பாஸ்டனில் ஈதரை முகரவைத்து ஆபரேஷன் செய்து காட்டினார்கள். ஈதர் வந்தபோதே இந்தத் தொல்லையும் கூட வந்தது. பிறகு வந்த ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் காலத்தில் தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. முதல் இரண்டு மணி நேர வாந்திக்கு முக்கியக் காரணம் இன்றும் இப்படி மூச்சு வழியே தரும் மருந்துகள்தான்.

புரொப்போஃபால் வேறு ரகம். பால்போல் வெள்ளையாக இருக்கும்; ரத்தக்குழாயில் ஏற்றுவது. தூங்கவைக்க மட்டுமல்லாமல், ஆபரேஷன் முடியும்வரை அதையே செலுத்திக்கொண்டிருந்தால் குமட்டல் குறைகிறது. 5,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிச் செய்தபோது வாந்தி அபாயம் 19 சதவீதம் குறைந்தது. மயக்கத்துக்குச் சேர்த்துத் தரும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தவிர்த்ததில் 12 சதவீதம். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன் ஊசிகள் ஒவ்வொன்றும் 26 சதவீதம் குறைத்தன. அதனால், வாந்தி வரக்கூடியவர் என்று தெரிந்தால் ஒன்றை மட்டும் நம்பாமல், மயக்க மருந்தையும் மாற்றி, ஊசியும் போடுவார்கள். முடிந்த இடத்தில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதும் நல்ல வழிதான்.

யாருக்கு வாந்தி வரும்? பெண்களுக்கு அதிகம். பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுகிறவர்களுக்கும் அப்படியே. புகைபிடிக்காதவர்களுக்கும் அதிகம்! அதற்காக யாரும் பீடி பற்றவைத்துவிட வேண்டாம். நான்கும் ஒருவரிடமே சேர்ந்தால் பத்துக்கு எட்டுப் பேருக்கு வந்துவிடும்.

ஆகவே, டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "மலைப்பாதை ஏறினால் எனக்கு ஆகாது. போன ஆபரேஷனில் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன்."